இல்லம் தேடிக் கல்வி

இல்லம் தேடிக் கல்வி, கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் மாணவர்களுக்கு ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த மாலைநேர வகுப்புத் திட்டம். விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். முதலில் விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட 12 மாவட்டங்களில் சோதனை முறையில் நடந்து, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது.

மரக்காணம், திண்டிவனத்துக்குக் கிழக்கே உப்பளங்களும் மீனவ ஊர்களும் கொண்ட கடற்கரைப் பகுதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடு. மாநிலச் சராசரி 80. பள்ளிக்கூடம் மூடினால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள் மிகுந்த பகுதி இது. திட்டம் இங்கிருந்து புறப்பட்டது பொருத்தமே.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட ஏறத்தாழ 19 மாதமும் 2019இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியும் ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடங்களுமே பல வீடுகளுக்கு வகுப்பறை. அப்பாவோடு செல்பேசி வேலைக்குப் போய்விட்டால் பாடமும் போய்விடும். கருவி இருந்த வீட்டிலும் வேறொரு குறை இருந்தது. 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால், பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்து 25 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. கடன் வாங்கிக் கழிப்பது அந்தப் பிள்ளைக்குப் பிடிபடவில்லை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் அந்த நொடியில் கண்டுகொள்வார். எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஒளிபரப்பும் திரைக்கு அது தெரிய வழியில்லை.

திட்டத்தின் அமைப்பு இந்தக் குறைக்கு நேர்விடையாக இருந்தது. ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். அவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வகுப்பு. திண்ணையோ சமுதாயக்கூடமோ, கிடைத்த இடம் போதும். பாட்டு, கதை, விளையாட்டு வழியாக எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் ஆறு முதல் எட்டு வரை பட்டதாரிகளும் எடுத்தார்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. அவர்கள் செய்த வேலைக்கு அது மிகவும் குறைவு என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

திட்டத்தின் பலன் அளக்கப்பட்டதே இதன் தனிச்சிறப்பு. ஸ்டாக்ஹோம் பொருளியல் பள்ளியின் அபிஜீத் சிங், மெக்சிகோவில் பணியாற்றிய மௌரிசியோ ரொமேரோ, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகப் பேராசிரியர் கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டின் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வை 2022இல் வெளியிட்டனர். கொரோனாவுக்கு முன்பே, 2019இல், அதே ஊர்களில் திரட்டிய தரவு கையில் இருந்தது இந்த ஆய்வின் பெரிய பலம். 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட, 2021 டிசம்பரில் கணக்கில் சுமார் 0.7 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்பதைக் காட்டும் புள்ளியியல் அளவு) மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்னடைவு தெரிந்தது. வீட்டிலும் தெருவிலும் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கணக்கோ பெரும்பாலும் பள்ளியில் மட்டுமே கற்பது. இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதிகம் இழந்தவர்கள் பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள். வேகமாக மீண்டவர்களும் அவர்களே.

இதைக் கொண்டு திரைவழிக் கல்வியே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. சிங், முரளிதரன் இருவரும் அலெஹாந்த்ரோ கனிமியானோடு சேர்ந்து 2019இல் வெளியிட்ட தில்லி ஆய்வு வேறு திசையைக் காட்டுகிறது. மைண்ட்ஸ்பார்க் என்ற கணினி மென்பொருள், பிள்ளை செய்யும் பிழைகளை வைத்து அதன் நிலையைக் கணித்து, அதற்கேற்ற கேள்வியைத் தரும். 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவில் ஆள் துணையோடு பாடம். நாலரை மாதத்தில் இந்த வாய்ப்புப் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேறினார்கள். முதலியார்குப்பத்துத் தன்னார்வலரும் தில்லிக் கணினியும் செய்தது அடிப்படையில் ஒன்றே: பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பாடத்தைத் தொடங்கியது.

தமிழக ஆய்வின் இன்னொரு பக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. மீட்சியில் நான்கில் மூன்று பங்கு இந்தத் திட்டத்துக்கு வெளியே, பள்ளி மீண்டும் நடந்த காலத்தில் வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கு இழப்பு மீளாமலே இருந்தது. இனி ஒரு முறை பள்ளிகளை நீண்ட காலம் மூட வேண்டிய நிலை வந்தால், அந்த முடிவை எடுப்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.