மைலன் ஊர்ப் பசங்களும் நாலு கோப்பையும்

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ராத்திரி சாப்பிட்டுட்டு சேனல் மாத்திக்கிட்டே வந்தா 'ஹூசியர்ஸ்' படம் ஓடிக்கிட்டிருக்கு. 1986ல வந்த படம். ஜீன் ஹேக்மன் கோச். ஒரு குட்டி கிராமத்து ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம் பெரிய பட்டணத்து டீமைத் தோற்கடிச்சு மாநிலக் கோப்பையைத் தூக்கும். அஞ்சாவது தடவையா பார்க்கிறேன், கடைசிப் பந்துக்கு இப்பவும் கை வேர்க்குது. நம்மாளுங்களுக்கு இந்த மாதிரி கதைன்னா விடவே மாட்டோமே :-)

சில வருஷம் இண்டியானாபோலிஸ்ல குப்பை கொட்டியிருக்கேன். அங்கே என்கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் இந்தப் படத்தைப் பத்திப் பேசினா உருகிடுவார், அடுத்த நிமிஷமே கோவப்படுவார். "அந்தக் கோப்பையை 1997ல கொன்னுட்டாங்க"ன்னு ஆரம்பிச்சார்னா மதிய சாப்பாடு ஆறிடும். அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படிச்சதையும் சேர்த்து ஒரு பதிவாப் போட்டுடறேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

படத்துக்கு மூலம் ஒரு நிஜக் கதை. ஊர் பேரு மைலன். எழுத்துக்கூட்டிப் படிச்சா இத்தாலி மிலான் மாதிரிதான் இருக்கும், ஆனா அங்கே யாரும் அப்படிச் சொல்றதில்லை. 1954ல அந்த ஸ்கூல்ல மொத்தமே 161 பிள்ளைங்க. அந்த வருஷம் மார்ச் 20ம் தேதி, இண்டியானாபோலிஸ் பட்லர் அரங்கத்துல (இப்போ ஹிங்கிள் அரங்கம்) இறுதிப் போட்டி. எதிர்ல மன்ஸி சென்ட்ரல். மைலனைவிட சுமார் பத்து மடங்கு பெரிய ஸ்கூல், ஏற்கனவே பல தடவை கோப்பை வாங்கினவங்க. கடைசி பகுதியில பாபி பிளம்ப்ங்கிற பையன் பந்தைக் கையில வச்சுக்கிட்டு நாலு நிமிஷத்துக்கும் மேல சும்மா நின்னான். அப்போ ஷாட் கிளாக் கிடையாது, நிக்கலாம். 30-30 சமம். கடைசி விநாடிகள்ல அவனே நகர்ந்து வந்து குதிச்சு எறிஞ்சான். 32-30. முடிஞ்சது கதை.

இதுல முக்கியமான விஷயம், இண்டியானாவுல அப்போ ஒரே ஒரு போட்டிதான். 1911ல ஆரம்பிச்சது. ஸ்கூல் பெருசா சின்னதா எல்லாம் கிடையாது, எல்லாரும் ஒரே குலுக்கல்ல. 1938ல 787 ஸ்கூல்கள் கலந்துக்கிச்சாம்! ஒரே ஒரு மாநிலத்துல! ஊர் ஊருக்கு அரங்கம் கட்டினாங்க. நியூ காசில்ங்கிற ஊர்ல 1959ல கட்டின ஸ்கூல் அரங்கத்துல ஒன்பதாயிரம் பேருக்கு மேல உட்கார இடம் இருந்துச்சு. 1990 இறுதிப் போட்டியைப் பார்க்க வந்த கூட்டம் 41,046 பேர். பள்ளிப் பசங்க ஆட்டத்துக்குங்க!

மத்த மாநிலங்கள் பெரும்பாலும் பிள்ளைங்க எண்ணிக்கையை வச்சு ஸ்கூல்களைப் பிரிவு பிரிவாப் பிரிச்சு, பிரிவுக்கு ஒரு கோப்பைன்னு போயிட்டாங்க. இண்டியானா ரொம்ப காலம் அசையலை. இத்தனைக்கும் அதே மாநிலத்துல அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு 1973லயே மாநிலப் போட்டி ஆரம்பிக்கும்போதே பிரிவு வச்சுட்டாங்க. அதை யாரும் பெருசா எதிர்த்ததாத் தெரியலை. ஏன்னு யோசிச்சா சிம்பிள். ஃபுட்பாலுக்குக் களத்துல 11 பேர், மாத்து ஆள் அதுக்கும் மேல. 161 பேர் ஸ்கூல்ல அவ்வளவு முரட்டுப் பசங்களுக்கு எங்கே போறது? பாஸ்கெட்பாலுக்கு அஞ்சு பேர் போதும். ஒரே தெருவுல அஞ்சு நல்ல பசங்க ஒரே காலத்துல பொறந்துட்டா போதும். அந்த 'பொறந்துட்டா'வை நம்பித்தான் மொத்த மாநிலமும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

(இதுக்கு இன்னொரு மாதிரி விடையும் உண்டு. நெப்ராஸ்கா மாநிலத்துல 1934ல ஸ்டீபன் எப்ளர்னு ஒருத்தர் ஆறு பேர் ஆடற ஃபுட்பாலைக் கண்டுபிடிச்சார். பிள்ளைங்க பத்தாத ஸ்கூலுக்காக ஆட்டத்தையே சின்னதாக்கிட்டார். டெக்சாஸ்ல குட்டி ஸ்கூல்கள் இன்னமும் அதை ஆடறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விடை இதுதான்.)

இப்போ கணக்குக்கு வாங்க. 1954க்குப் பிறகு 1997 வரைக்கும், 43 வருஷம், மைலன் அளவு சின்ன ஸ்கூல் ஒண்ணுகூட கோப்பையைத் தொடலை. ஒண்ணு கூட. நடுவுல இன்னொண்ணும் நடந்துச்சு. 1959ல பள்ளிகளை மறுசீரமைக்கச் சட்டம் போட்டு, அடுத்தடுத்த வருஷங்கள்ல குட்டி ஸ்கூல்களைச் சேர்த்துப் பெரிய ஸ்கூலாக்கிட்டாங்க. 787 இருந்த இடத்துல 1997ல சுமார் 380தான். மிச்சம் இருந்த சின்ன ஸ்கூல்கள் தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஸ்கூல்கள்கிட்ட மாட்டிக்கிட்டு முதல் சுற்றுலயே வீட்டுக்குப் போயிக்கிட்டிருந்தாங்க.

நம்ம பெரியவர் ஸ்கூலும் அப்படித்தான். அவர் ஆடின வருஷங்கள் எல்லாத்துலயும் முதல் சுற்றுலயே காலி, அதுவும் அதே பக்கத்து ஊர்ப் பெரிய ஸ்கூல்கிட்ட. "ஒரு தடவை நாற்பது பாயிண்ட் வித்தியாசம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். "அப்புறம் ஏன் சார் அந்தப் பழைய முறைக்கு இப்படி அழறீங்க?"ன்னு கேட்டேன். "ஒவ்வொரு வருஷமும் மார்ச்ல ஒரு வாரம், இந்த வருஷம் நாமதான் மைலன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்குவோம் தம்பி, அது போதாதா?"ன்னார். பதில் சொல்ல முடியலை.

1996ல ஸ்கூல் முதல்வர்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடந்துச்சு, பிரிவு வைக்கணும்ங்கிற பக்கம் ஜெயிச்சது. 1954ல கடைசிப் பந்தை எறிஞ்ச அதே பாபி பிளம்ப் எதிர்ப்புக்கு முன்னால நின்னார். (பிற்காலத்துல இண்டியானாபோலிஸ்ல ஒரு உணவகமும் நடத்தினார். பேரு 'பிளம்ப்பின் கடைசி ஷாட்'. மனுஷன் விடலை :-)) ஒண்ணும் நடக்கலை. 1997 மார்ச்ல புளூமிங்டன் நார்த் ஸ்கூல் கடைசி ஒற்றைக் கோப்பையை வாங்கிச்சு. அடுத்த வருஷத்துல இருந்து 1ஏ, 2ஏ, 3ஏ, 4ஏன்னு நாலு பிரிவு, நாலு கோப்பை. பெண்கள் போட்டிக்கும் அதே. கூட்டம் குறைஞ்சது. அதுக்கு முன்னாலயே குறைய ஆரம்பிச்சுடுச்சுங்கிறதையும் சொல்லணும், பழியை முழுசாப் பிரிவு மேல போடக்கூடாது.

சரி, நாலாப் பிரிச்சாச்சு, நியாயம் வந்துடுச்சா? இங்கேதான் தலைவலி.

எப்படிப் பிரிச்சாங்கன்னா, எல்லா ஸ்கூலையும் பிள்ளைங்க எண்ணிக்கைப்படி வரிசையா நிக்க வச்சு, நாலு ஏறக்குறைய சம பங்கா வெட்டினாங்க. பார்க்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா வரிசையோட மேல்பக்கம் ராட்சசனுங்க. கார்மல்னு ஒரு ஸ்கூல்ல 5,000 பிள்ளைங்களுக்கு மேல. அதே 4ஏ பிரிவோட அடிமட்டத்துல அப்போ இருந்த ஸ்கூல்ல சுமார் ஆயிரம் பேர்தான் இருந்தாங்க. அஞ்சு மடங்கு வித்தியாசம், ஆனா 'ஒரே பிரிவு'. கீழே கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்துப் பிள்ளைங்க வித்தியாசத்துல இருக்கிற ரெண்டு ஸ்கூல் வேற வேற பிரிவு. எண்ணிக்கையைச் சமமா வெட்டினா மடங்கு கோணலாகும். மடங்கைச் சமமா வெட்டினா மேல் பிரிவுல நாலஞ்சு ஸ்கூல்தான் மிஞ்சும், அவங்க பாதி தூக்கத்துல கோப்பை வாங்கிடுவாங்க. ஃபுட்பால்ல 2013ல மேலே இருந்த 32 பெரிய ஸ்கூல்களை மட்டும் தனியா 6ஏன்னு பிரிச்சாங்க. அது இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமரசம்.

அடுத்த தலைவலி தனியார் ஸ்கூல். 1998ல முதல் தடவையா நாலு கோப்பை கொடுத்தாங்களே, அதுல ரெண்டு கத்தோலிக்க ஸ்கூல்களுக்குப் போச்சு. அரசு ஸ்கூலுக்கு எல்லை உண்டு, அந்த எல்லைக்குள்ள இருக்கிற பிள்ளைங்கதான். தனியார் ஸ்கூலுக்கு எங்கிருந்து வேணா வரலாம். 300 பிள்ளைங்கன்னா ரெண்டும் அதே 300 தானா? பக்கத்து இல்லினாய்ஸ்ல இதுக்குப் பெருக்கல் கணக்கு போட்டாங்க. எல்லை இல்லாத ஸ்கூலோட எண்ணிக்கையை 1.65ஆல பெருக்கி எந்தப் பிரிவுன்னு முடிவு பண்றது. அலபாமாவுல 1.35 வச்சிருந்தாங்க. சைவ ஓட்டல்ல சாம்பாருக்குத் தண்ணி ஊத்தற கணக்கு மாதிரிதான், எந்த எண் சரின்னு யாருக்குத் தெரியும்? ஏழைப் பிள்ளைங்களை எடுத்துப் படிக்க வைக்கிற சர்ச் ஸ்கூலுக்கும், பணக்கார ஸ்கூலுக்கும் ஒரே பெருக்கல்.

இண்டியானா வேற வழி பிடிச்சது. 2012-13ல இருந்து வெற்றிக் கணக்கு. முதல் கட்டத்துல ஜெயிச்சா 1 புள்ளி, அடுத்தடுத்த கட்டங்களுக்கு 2, 3, மாநிலக் கோப்பைக்கு 4. ரெண்டு வருஷத்துல 6 புள்ளி சேர்ந்தா ஒரு பிரிவு மேலே ஏத்திடுவாங்க. எந்த வகை ஸ்கூல்னு பார்க்கறதில்லை, ஆட்டத்தை மட்டும்தான் பார்க்கறாங்க. முதல்ல படிச்சப்போ 'அட, சூப்பர்'னு தோணுச்சு. அப்புறம் ஒரு நெருடல். கோப்பை வாங்கின பசங்க படிச்சு முடிச்சுப் போயிடுவாங்க. மேல் பிரிவுல போய் அடி வாங்கறது அவங்க தம்பிங்க. அண்ணன் ஜெயிச்சதுக்குத் தம்பிக்குத் தண்டனை!

இன்னொரு விஷயம் சொல்லாம முடிச்சா இது பொய்யான பதிவாயிடும். 'எல்லாரும் ஒரே குலுக்கல்ல'ன்னு மேலே எழுதினேனே, அது 1942க்கு முன்னால உண்மை இல்லை. அதுவரைக்கும் கறுப்பின ஸ்கூல்களையும் கத்தோலிக்க ஸ்கூல்களையும் சங்கத்துலயே சேர்க்கலை. இண்டியானாபோலிஸ்ல கறுப்பினப் பிள்ளைங்களுக்குன்னு 1927ல திறந்த ஸ்கூல் கிறிஸ்பஸ் அட்டக்ஸ். சரியான அரங்கம்கூட இல்லாம வளர்ந்த டீம். 1954ல மைலன் வழியில தோற்கடிச்ச டீம்கள்ல அதுவும் ஒண்ணு. அந்த டீம்ல அப்போ சின்னப் பையனா இருந்தவர் ஆஸ்கர் ராபர்ட்சன், பின்னாடி உலகமே கொண்டாடின ஆட்டக்காரர். அடுத்த வருஷமே, 1955ல, அட்டக்ஸ் கோப்பையை வாங்கிச்சு. 1956ல ஒரு ஆட்டம்கூடத் தோற்காம மறுபடியும். 1955ல ஜெயிச்சு வந்த பசங்களுக்கு, வழக்கமா நகர மையத்துல நடக்கிற கொண்டாட்டத்தை நடத்த விடாம, ஊர்வலத்தைக் கறுப்பின மக்கள் இருந்த பகுதிப் பூங்காவுக்குத் திருப்பி விட்டாங்க. கோப்பை ஒண்ணுதான், ஆனா கொண்டாட்டத்துல பிரிவு இருந்திருக்கு! பிள்ளைங்க எண்ணிக்கையை வச்சுப் பிரிச்சா அட்டக்ஸ் பெரிய ஸ்கூல் கணக்குல வரும். அந்தப் பசங்க தாண்டி வந்ததை எந்தப் பெருக்கல்ல சேர்க்கறது?

அதனால என் கட்சி என்னன்னு கேட்டா, ரொம்ப நாள் நான் பெரியவர் கட்சி. ஒரே கோப்பை, மைலன், கடைசிப் பந்து. மாறினது ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனப்போ. அவரோட மகளும் வந்திருந்தாங்க. அதே சின்ன ஊர் ஸ்கூல்ல, பிரிவு வந்த பிறகு ஆடினவங்க. அவங்க டீம் 1ஏ பிரிவுல முதல் கட்டத்தை ஜெயிச்சிருக்கு. ஜெயிச்சா வளையத்துல இருக்கிற வலையை வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கறது அங்கே வழக்கம். அந்தத் துண்டு அழுக்கேறி அவங்க கார் கண்ணாடியில தொங்கிக்கிட்டிருந்துச்சு. அவர் அதைக் காட்டி என்கிட்ட, "இது கால் வலை தம்பி, நாலுல ஒண்ணு"ன்னு கிண்டல் பண்ணினார். அவங்க கோவப்படலை. "அப்பா, உங்ககிட்ட எத்தனை துண்டு இருக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அவர் பதில் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னைக்கு முழு ஊரும் ஆட்டத்துக்கு வந்திருந்துச்சு"ன்னு அவரே சொன்னார். எந்த அன்னைக்குன்னு நான் கேட்கலை. மகள் ஆடின அன்னைக்குத்தான்.

பக்கத்து கென்டக்கி இன்னமும் எல்லா ஸ்கூலுக்கும் ஒரே பாஸ்கெட்பால் கோப்பைன்னுதான் நடத்துது. கூடவே சின்ன ஸ்கூல்களுக்குன்னு தனியா ஒரு போட்டியும் நடக்குது. சின்ன வலையும் உண்டு, பெரிய கனவும் உண்டு. எனக்கு இப்போதைக்கு அதுதான் ஓரளவு சரின்னு படுது. சின்ன ஸ்கூலுக்கு ரெண்டு தடவை ஆடற செலவு இருக்கேன்னு கேட்டா, இருக்கு. நியாயம்னா செலவு இல்லாம எங்கே கிடைக்குது?

நீங்க என்ன சொல்றீங்க மக்களே? ஒரே கோப்பையா, நாலு கோப்பையா? பின்னூட்டத்துல சண்டை போடலாம், ஆனா கெட்ட வார்த்தை கூடாது :-)

டிஸ்கி: பெரியவர் இப்போ ஓய்வு பெற்றாச்சு. போன மார்ச்ல போன் பண்ணினப்போ பேத்தியோட ஆட்டத்துக்குக் கிளம்பிக்கிட்டிருந்தார். எந்தப் பிரிவுன்னு கேட்டேன். "எவனுக்குத் தெரியும், ஜெயிச்சாப் போதும்"னு சொல்லிட்டு வச்சுட்டார்.