கடலில் பட்டுத் திரும்பும் சிக்னல் சொல்லும் புயல் கதை



வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தாலே நம் பேளுக்குறிச்சியிலும் பேச்சு மாறிவிடும். கடற்கரை நமக்குத் தூரம்தான். ஆனால் அந்த மழை கொல்லிமலையில் கொட்டினால் மிளகுக்கொடி முதல் சந்தை வியாபாரம் வரை எல்லாமே அதைப் பொறுத்தது. புயல் காற்றை அளந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை இன்று சொல்கிறேன்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் பயணிகளோடு ரயிலையே கடல் இழுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கடலில் புயலின் பலத்தை அறிய, கப்பல்களும் கரையோர நிலையங்களும் தரும் தகவல்தான் பெரும்பாலும் கைகொடுத்தது. பிறகு செயற்கைக்கோள்கள் வந்தன. 2016 செப்டம்பரில் இஸ்ரோ அனுப்பிய ஸ்கேட்சாட்-1, கடல்மீது ரேடார் அலையை வீசி, திரும்பி வருவதை வைத்துக் காற்றைக் கணித்தது. அந்த அலையின் நீளம் சுமார் 2 சென்டிமீட்டர். கனமழை அதைத் தடுமாற வைக்கும். புயலின் கண்ணைச் சுற்றித்தான் காற்றும் அதிகம், மழையும் அதிகம். எங்கே பார்க்க வேண்டுமோ அங்கேயே பார்வை மங்கியது. புயல் எங்கே போகும் என்பதைக் கணிப்பதில் கண்ட முன்னேற்றம், அது எவ்வளவு வலுக்கும் என்பதில் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு வழிகாட்டியது நம் கைபேசியில் இருக்கும் ஜிபிஎஸ். அதன் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர். மழைக்குள் எளிதாகப் புகுந்து வரும். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த சிக்னல் கடலில் பட்டுத் தெறிக்கும். ஏரியில் நிலா தெரிவதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் அசையாவிட்டால் பளிச்சென்று ஒரே வட்டம். காற்றடித்தால் சிதறிப் பரவும். அதே கணக்குதான். தெறிக்கும் சிக்னல் எவ்வளவு சிதறுகிறதோ, கடல்மேல் அவ்வளவு காற்று.

பொறியாளர்களுக்கு இந்தத் தெறிப்பு முதலில் வெறும் தொல்லை. இடத்தைத் தப்பாகக் காட்டும் பிழை. 1991-ல் கடல்மேல் பறந்த பிரெஞ்சு ராணுவ விமானத்தின் ஜிபிஎஸ் கருவி, தெறித்து வந்த சிக்னலைப் பிடித்துக்கொண்டது. 1993-ல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் மார்ட்டின் நெய்ரா, இந்தத் தெறிப்பைக் கொண்டு கடல்மட்டத்தை அளக்கலாம் என்று எழுதினார். 2000-ல் அமெரிக்காவின் கேட்ஸ்பெர்க் குழுவினர் 'மைக்கேல்' சூறாவளிக்குள் விமானத்தில் கருவியை அனுப்பி, தெறித்த சிக்னலைப் பதிவு செய்தார்கள்.

அடுத்த கட்டம் நாசாவின் 'சிக்னஸ்' திட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ரூஃப் தலைமையில் 8 சின்னச் செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றும் 30 கிலோவுக்கும் குறைவு. சிக்னல் அனுப்பும் வேலை இல்லை, கேட்பது மட்டும்தான். அதனால்தான் சிறிதாகச் செய்ய முடிந்தது.

இனி ஒரு தற்செயலைக் கேளுங்கள். அவற்றை ஏவக் குறித்த நாள் 2016 டிசம்பர் 12. அன்று பிற்பகல்தான் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது. இங்கே மரங்கள் சாய்ந்து கிடந்த அந்த மாலையில், அமெரிக்காவில் ராக்கெட்டைச் சுமந்து பறந்த விமானத்தில் ஒரு பம்ப் வேலை செய்யாமல் ஏவுதல் தள்ளிப்போனது. 15-ஆம் தேதி வெற்றிகரமாக ஏவினார்கள். வெப்பமண்டலக் கடல்களின் மேல் அவை சுற்றிவருகின்றன. நம் வங்கக்கடலும் அதில் அடக்கம்.

நம் நாடும் சும்மா இல்லை. 2024 ஆகஸ்ட் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இஓஎஸ்-08 செயற்கைக்கோளில் இதே முறையில் இயங்கும் கருவியை இஸ்ரோ வைத்தது. கடல்காற்று மட்டுமல்ல, மண்ணின் ஈரம், வெள்ளம் ஆகியவற்றையும் அறிய முடியுமா என்று சோதிப்பதே அதன் நோக்கம்.

மற்றவர்கள் பிழை என்று ஒதுக்கியதில் சிலர் தகவலைக் கண்டார்கள். உங்கள் பிள்ளைகள் கைபேசியில் வழி தேடும்போது, அதே சிக்னல் கடலில் புயலையும் அளக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். வகுப்பில் கேட்கத் தயங்கியவர்களும் இங்கே கேட்கலாம்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பேளுக்குறிச்சி.