கண் வறட்சி: ஒரு சொல், இரு நோய்கள், ஒரு நூற்றாண்டு

மூன்று மாதங்களாக என் கண்களிலிருந்து காரணமின்றி நீர் வழிந்துகொண்டிருந்தது. பழைய மருத்துவ அறிக்கைகளின் மின்படிகளை நாள்முழுதும் கணினித் திரையில் வாசிப்பது என் பணி. மாலையானால் இமைக்குள் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் தோன்றும். எழுத்துகள் மங்கும், இருமுறை இமைத்தால் தெளியும். மருத்துவரிடம் சென்றேன். "உங்கள் கண் வறண்டிருக்கிறது" என்றார். நீர் வழியும் கண் எப்படி வறண்ட கண்ணாகும் என்று கேட்டேன். விழியின் பரப்பு காய்ந்தால் உறுத்தும். அவ்வுறுத்தலைத் தணிக்கச் சுரப்பி நீரைக் கொட்டும். ஆனால் அந்நீர் விழியில் படிந்து நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும் என்று விளக்கினார்.

அந்நாள்களில் நான் வாசித்துக்கொண்டிருந்தவையும் வறண்ட கண்களைப் பற்றிய அறிக்கைகளே. ஆனால் அவை பசித்த குழந்தைகளின் கண்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். இரண்டும் ஒன்றா? அவ்வினாவுக்கு நான் தேடிய விடையே இப்பதிவு.

கண்ணீரை வெறும் உப்புநீர் என்று கருதுகிறோம். உண்மையில் அது ஒரு மெல்லிய படலம். அடியில் நீரை விழியோடு ஒட்டவைக்கும் சளிப்பொருள்; நடுவில் நீர்; மேலே அந்நீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய். இம்மூன்றில் எது குறைந்தாலும் கண் வறளும். மூன்று குறைகளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மனிதர்களின் துன்பத்தின் வழியாகவே அறியப்பட்டன.

நம் நாட்டின் பழைய மருத்துவ நூல்களில் இந்நோயின் சாயல் உண்டு. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் 76 கண்நோய்களை வகைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று 'சுஷ்காக்ஷிபாகம்'. இமை கடினமாகிச் சொரசொரப்பாகும், கண் எரியும், பார்வை கலங்கும், விழி திறப்பதே அரிதாகும் என்பன அதன் குறிகள். நெய் உண்பதும், கண்ணைச் சுற்றி உளுந்துமாவால் வரம்பு கட்டி நெய் நிரப்பும் 'தர்ப்பணம்' என்னும் முறையும் அதற்குரிய சிகிச்சைகள். மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலைத் திப்பிலியோடு சமைத்துத் தரச் சொல்வதும் அதே நூல்தான். ஈரலில் என்ன இருக்கிறது என்பதை உலகம் அறிய 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1863இல் பியேர் பிதோ என்னும் பிரெஞ்சு மருத்துவர், மாலைக்கண் கொண்ட குழந்தைகளின் வெண்விழியில் நுரைபோன்ற வெண்புள்ளிகள் இருப்பதைப் பதிவுசெய்தார். 1913இல் அமெரிக்காவின் மெக்கொலமும் டேவிஸும், வெண்ணெயிலும் முட்டை மஞ்சளிலும் இருக்கும் ஒரு பொருளின்றி எலிகள் வளர்வதில்லை என்று கண்டனர். அப்பொருள் பின்னர் வைட்டமின் 'ஏ' எனப் பெயர் பெற்றது. அது குறைந்தால் சளிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. நீர் இருந்தாலும் விழியில் ஒட்டாது. வெண்விழி பளபளப்பு இழக்கும், பின்னர் கருவிழி மென்மையாகி உருகும், பார்வை மீளாது.

சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ஆர்.இ. ரைட், தென்னிந்தியாவில் இக்கருவிழி உருக்கம் பரவியிருந்ததை 1922இல் எழுதினார். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுப்பணி, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்திருந்தது. 1935இல் அதன் பொறுப்பேற்ற ஐக்ராய்டும் ரைட்டும் இணைந்து, செம்பனை எண்ணெயால் இந்நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து 1937இல் வெளியிட்டனர். மீனெண்ணெய் வாங்க இயலாதோருக்கு மலிவான மாற்றுத் தேடும் முயற்சி அது.

குன்னூர் ஆய்வகம் 1950களின் இறுதியில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. வைட்டமின் 'ஏ' ஈரலில் பல மாதங்கள் சேமிப்பாகத் தங்கும் என்பதால், பெரிய அளவில் எப்போதாவது ஒருமுறை கொடுத்தால் போதுமா என்று அதன் ஆய்வாளர்கள் களத்தில் சோதித்தனர். அதன் அடிப்படையில், 1970இல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு அளிக்கும் தேசியத் திட்டத்தை இந்தியா தொடங்கியது. இன்று எல்லா மாநிலங்களுக்கும் இதே அளவு தேவையா என்ற விவாதம் அறிஞர்களிடையே நடக்கிறது. விவாதிக்கும் நிலைக்கு வந்திருப்பதே ஒரு வெற்றி என்பேன்.

அறிக்கைகளில் என்னை நெடுநேரம் நிறுத்தியது எண்கள் அல்ல, அந்நோயின் அமைதி. பல குழந்தைகளின் கண் சிவக்கவில்லை. அவை வலிக்கிறதென்று அழவுமில்லை. தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்தபின் கண்ணை மூடிச் சுருண்டு கிடந்தன. காய்ச்சலின் சோர்வு என்று பெற்றோர் எண்ணினர். மருத்துவமனைக்கு வந்தபோது காலம் கடந்திருந்தது.

இரண்டாவது குறை நீருக்குரியது. 1903இல் ஜெர்மனியின் ஓட்டோ ஷிர்மர், கீழிமையில் வடிதாள் துண்டொன்றைச் செருகி, ஐந்து நிமிடத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளந்தார். அதே சோதனைதான் எனக்கும் செய்யப்பட்டது. 1933இல் சுவீடனின் ஹென்ரிக் ஷோகிரன், கண் வறண்ட 19 பெண்களை ஆராய்ந்து தம் முனைவர் ஆய்வேட்டை வெளியிட்டார். அவர்களுள் பெரும்பாலோருக்கு மூட்டுவலியும் இருந்தது. கண்ணில் தோன்றும் வறட்சி உடல் முழுவதன் நோயாக இருக்கலாம் என்ற அறிவு அவ்வாறு உறுதிப்பட்டது.

மூன்றாவது எண்ணெய்க்குறை. இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பிகளை ஹைன்ரிக் மைபோம் 1666லேயே விவரித்தார். ஆனால் அவற்றின் அடைப்பே இன்றைய கண் வறட்சிக்குப் பெருங்காரணம் என்பது அண்மைக்காலத்தில்தான் பரவலாக ஏற்கப்பட்டது. திரையை உற்றுநோக்கும்போது நாம் குறைவாக இமைக்கிறோம். அதையும் பாதியாகவே இமைக்கிறோம். எண்ணெய் பரவாது, நீர் விரைவில் ஆவியாகும். என் நோய் இதுவே.

ஆகவே என் வினாவுக்கு விடை: இரண்டும் ஒன்றல்ல. ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது. நன்கு உண்பவர் கண் உறுத்தலுக்காக வைட்டமின் 'ஏ' மாத்திரைகளை விழுங்கினால் பயனில்லை, மிகுந்தால் நஞ்சு. பசித்த குழந்தையின் கண்ணுக்குச் சொட்டுமருந்து மட்டும் தந்து அனுப்பினால் அது கொடுமை.

என்னைப் போன்றோருக்கு மருத்துவர் கூறியவை எளியவை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து பார்வையை அகற்றித் தொலைவில் நோக்குக. முழுமையாக இமைக்கப் பழகுக. மின்விசிறியும் குளிர்சாதனக் காற்றும் முகத்தில் நேரே படவேண்டாம். மூடிய இமைமேல் வெதுவெதுப்பான துணியைச் சில நிமிடம் வைத்து, இமை விளிம்பைத் துடைத்துத் தூய்மை செய்க. செயற்கைக் கண்ணீரை அடிக்கடி இட நேர்ந்தால் பதப்படுத்தி சேராததைக் கேட்டு வாங்குக. சிவப்பைப் போக்க ஸ்டீராய்டு சொட்டுமருந்தைத் தாமாக வாங்கி இடவேண்டாம். கண் அழுத்தமும் புரையும் அதனால் வரலாம். வீட்டு நெய்யைக் கண்ணில் இடுவதும் தொற்றுக்கு வழி. வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒவ்வாமை மாத்திரைகளும் மனச்சோர்வு மருந்துகளும் கண்ணை உலர்த்தக்கூடும். அவற்றை நிறுத்தும் முன் மருத்துவரைக் கேளுங்கள். வலி, வெளிச்சத்தில் கூச்சம், இமைத்தும் தெளியாத மங்கல் ஆகியவை இருந்தால் தாமதம் கூடாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை ஒன்றே சொல்வேன். அந்தி மயங்கும் வேளையில் குழந்தை தடுமாறினாலோ, வெண்விழி பளபளப்பின்றி இருந்தாலோ, அதில் நுரைப்புள்ளி தெரிந்தாலோ, தட்டம்மைக்குப்பின் கண் திறக்க மறுத்தாலோ அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள். முருங்கைக்கீரையும் பப்பாளியும் தட்டில் இருக்கட்டும். சிறிது எண்ணெயும் சேரட்டும், கொழுப்பின்றி அச்சத்து உடலில் சேராது.

என் கண் இப்போது தேறிவருகிறது. நான் வாசிக்கும் அறிக்கைகளில் வயதும் ஊரும் மட்டும் குறிக்கப்பட்டு, பெயரின்றி நிற்கும் குழந்தைகளுக்கு ஒரு கரண்டி மருந்து காலத்தில் கிடைத்திருந்தால் போதுமாயிருந்தது. உங்கள் வீட்டுப் பெரியோர் எவரேனும் மாலைக்கண்ணுக்கு ஈரல் உண்டதாகவோ, கீரை உண்டதாகவோ சொல்லக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். ஆவணங்களில் இல்லாத வரலாறு அது.