காகவந்தி எழுதிய நாவல்

புதுச்சேரியில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள வீடுகளில் ‘லிவ்ரே’ என்றொரு சிறு புத்தகம் இருக்கும். கல்யாணம் பதிவானதும் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் கணவன் மனைவி விவரம். அதற்குப் பின்னால் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கான பக்கங்கள் தயாராக அச்சிடப்பட்டிருக்கும். என் பெரியம்மாவின் லிவ்ரேயில் அந்தப் பக்கங்கள் கடைசிவரை வெறுமையாகவே இருந்தன. சனிக்கிழமைதோறும் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். பெரியப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அன்பு மட்டுமே காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். சட்டமும் ஒரு காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சிந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றானது. சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பி அதில் முன்நின்று, லபோர்த் என்ற குடும்பப் பெயரையும் சூட்டிக்கொண்டார். துறந்தவர்களுக்கு ‘ரெனோன்சான்’ என்று பெயர். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. துறந்த ஆணுக்குச் சட்டப்படி ஒரு மனைவிதான். துறக்காத இந்து வீடுகளில், பிரெஞ்சு நீதிபதியே தீர்ப்புச் சொன்னாலும், கையாண்டது இந்துச் சட்டம். அங்கே இரண்டாம் தாரத்துக்குத் தடையில்லை. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டம் 1963இல்தான் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது. அதாவது, பிள்ளை இல்லாத பெண்ணுக்குச் சக்களத்தி வருவாளா மாட்டாளா என்பதை எங்கள் ஊரில் அவளுடைய சாமி தீர்மானித்தது.

இரண்டாம் தாரத்துக்கு மனு கணக்கே போட்டு வைத்திருக்கிறான். மலடி என்றால் எட்டாம் ஆண்டில் வேறு மனைவி கட்டலாம். பெற்ற பிள்ளைகள் சாகிறவள் என்றால் பத்தாம் ஆண்டில். பெண்ணாகவே பெறுகிறவள் என்றால் பதினோராம் ஆண்டில். வாய்த்துடுக்குக்காரி என்றால் காத்திருக்கவே வேண்டாம். தமிழ் அகராதியும் இந்தக் கணக்கில் சளைத்ததல்ல. பிள்ளையே பெறாதவள் மட்டும் மலடி அல்ல. ஒன்று பெற்று அதோடு நின்றுபோனவளும் ஒருவகை வந்திதான். காகம் ஒருமுறைதான் ஈனும் என்ற நம்பிக்கையில் அவளுக்குக் ‘காகவந்தி’ என்று பெயர். வாழை ஒருமுறைதான் குலைதள்ளும் என்பதால் ‘கதலிவந்தி’ என்றும் சொல்வதுண்டு.

அந்த ஒன்றும் செத்துப்போனால்? இந்தக் கேள்வியோடுதான் நான் கிருபாபாய் சத்தியநாதனிடம் வந்து சேர்ந்தேன். புதுச்சேரியில் லபோர்த்தும் மற்றவர்களும் துறவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், சென்னை மாகாணத்தில் வாழ்ந்தவர் அவர். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர்.

1862இல் அகமதுநகரில் பிறந்தார். அப்பா ஹரிபந்த், அம்மா ராதாபாய். பம்பாய் மாகாணத்தில் கிறிஸ்தவத்துக்கு மாறிய முதல் பிராமணக் குடும்பங்களில் ஒன்று. மருத்துவம் படிக்க இங்கிலாந்து போகும் வாய்ப்பு வந்தது. உடம்பு தாங்காது என்று நிறுத்திவிட்டார்கள். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மேரி ஷார்லீப் முதலான நான்கு பெண்கள் அந்தக் கல்லூரிக்குள் முதன்முதலாக நுழைந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓராண்டில் உடம்பு முறிந்து படிப்பு நின்றது. சென்னையில் அவர் தங்கியிருந்தது பாதிரியார் டபிள்யூ. டி. சத்தியநாதன் வீட்டில். அந்த வீட்டு மகன் சாமுவேலைத்தான் மணந்தார். ஊட்டியில் சாமுவேல் தலைமையாசிரியராக இருந்தபோது, முஸ்லிம் சிறுமிகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்.

மாமியார் அன்னா சத்தியநாதனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெண் கல்விக்கு உழைத்தவர். தமிழில் புத்தகமும் எழுதியவர். கிருபாபாய் பிறந்த அதே 1862இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் பெயர் ‘நல்ல தாய்’. கிறிஸ்தவத் தாய் பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்லித்தரும் நூல். அதை எழுதியவரின் வீட்டுக்கு மருமகளாகப் போன கிருபாபாய்க்கு ஒரே குழந்தை. ஒரு வயது நிறையுமுன்பே அது இறந்துபோனது.

மனுவின் கணக்கு கிருபாபாயைத் தொடாது. தகப்பன் மதம் மாறியதில் மகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. என் பெரியம்மாவுக்கு ஆணை கொடுத்ததை அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது. ஆனால் வீட்டைவிட்டுத் துரத்தப்படமாட்டோம் என்று தெரிவதும் குழந்தையின் சாவும் வேறுவேறு. கிருபாபாய் மனம் ஒடிந்துபோனார். காசநோய் திரும்பியது. பம்பாயில் வைத்தியம் பார்த்தார்கள். இனிக் குணமாகாது என்று தெரிந்த பிறகு ஒரு நாவலை எழுதத் தொடங்கினார்.

அதற்கு முன்பே ஒரு நாவல் எழுதியிருந்தார். ‘சகுணா’, 1887–88இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. பெற்றோர் மதம் மாறிய கதை, அண்ணன் பாஸ்கரின் மரணம், மருத்துவக் கல்லூரி என்று பெரும்பாலும் அவருடைய வாழ்க்கையேதான். நம்பிக்கை பற்றி அதில் நிறைய உண்டு. கணவன் பின்னால் போய் மதம் மாற நேர்ந்த தாயின் திகைப்பை மகள் பார்க்கும் பக்கங்கள்தான் என்னைப் பொறுத்தவரை அதன் உயிர். அந்த நாவலின் துணைத்தலைப்பு ‘இந்தியக் கிறிஸ்தவ வாழ்க்கைக் கதை’ என்று பொருள்படும். நோய்ப்படுக்கையில் எழுதிய ‘கமலா’வின் துணைத்தலைப்போ ‘இந்து வாழ்க்கைக் கதை’.

தன் குழந்தை இறந்தபிறகு எழுதும் பெண், குழந்தையின் சாவைத் தன் மதத்துக் கதாநாயகிக்குத் தரவில்லை, கமலாவுக்குத் தருகிறார். கமலா சிறுவயதில் கல்யாணம் ஆனவள். மாமியார் வீட்டில் கொடுமை. படித்த கணவன் கணேஷ் அவளுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறான், வீட்டார் முணுமுணுத்ததும் விட்டுவிடுகிறான், பிறகு இன்னொருத்தியிடம் போகிறான். கமலா பிறந்த ஊருக்குத் திரும்புகிறாள். குழந்தை பிறக்கிறது. கணவன் சாகிறான். பிறகு குழந்தையும் சாகிறது. விதவை, அதன்மேல் பிள்ளையில்லாதவள். ஊர் அவளுக்கு வைத்திருந்த எல்லாப் பெயரும் அவளுக்குப் பொருந்திவிடுகிறது.

இது அப்படியே கிருபாபாயின் கதை என்று நான் சொல்லவில்லை. கமலாவின் கொடுமைக்கார வீடு சத்தியநாதன் வீடல்ல. ஆனால் ‘சகுணா’வில் கையாண்ட ‘நான்’ என்ற குரலை இந்த இடத்துக்கு வரும்போது அவர் கைவிடுகிறார். ஏன்? அந்தக் காலத்துக் கிறிஸ்தவ எழுத்தில் குழந்தை இறந்தால் தாய் என்ன சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தது. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். மிஷன் வீட்டு மருமகள் தன் குரலில் எழுதினால் அதை எழுதித்தான் ஆகவேண்டும். கமலாவுக்கு அந்தக் கட்டாயமில்லை. வேற்று மதத்துப் பெண்ணின் உடம்புக்குள் போனதால்தான் ஆறுதல் சொல்லாமல் துக்கத்தை எழுத அவருக்கு இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. கதைசொல்லி அவ்வப்போது கமலாவின் மதத்தைக் குறைவானதாக, முதிராததாகப் பார்க்கிறாள். படிக்கும்போது எரிச்சல் வருகிறது. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் முன்னுரையும் நினைவுரையும் எழுதிக்கொடுக்கும் புத்தகத்தில் அந்தத் தொனி எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. புரிவதால் எரிச்சல் குறைந்துவிடுவதில்லை.

ஆனால் முடிவில் அவர் செய்வது வேறு. உறவினன் ராமச்சந்தர் கமலாவிடம் வருகிறான். ஒருகாலத்தில் அவளுக்கென்று பேசப்பட்டவன். தன்னை மணக்கும்படி கேட்கிறான். விதவை மறுமணச் சட்டம் வந்து நாற்பது ஆண்டுகள் ஆகப்போகும் காலம். சீர்திருத்த நாவல் என்றால் அவள் சரி என்று சொல்ல வேண்டும். மிஷன் நாவல் என்றால் அவள் கோயிலை விட்டுச் சர்ச்சுக்குப் போக வேண்டும். கமலா இரண்டையும் செய்வதில்லை. முடியாது என்கிறாள், தன் மதத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறாள். தனக்குக் கிடைத்த பணத்தை விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் செலவழித்து வாழ்ந்து முடிக்கிறாள்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதை ஒரு தோழி தோல்வி என்றாள். ஆசைப்பட்டவனை மறுக்கவைத்ததில் பிராமணியமும் விக்டோரியா கால ஒழுக்கமும் கைகோத்திருக்கின்றன என்றாள். அவள் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. கமலாவுக்கு மறுமணம் செய்துவைத்திருந்தால், அடுத்த அத்தியாயத்தில் அவளுக்கு இன்னொரு குழந்தையும் பிறந்தாக வேண்டும். நம் கதைகள் அப்படித்தான் துக்கத்தை ஈடுகட்டும். தனக்கு இன்னொன்று பிறக்கப்போவதில்லை என்று தெரிந்த பெண்ணால் அந்த அத்தியாயத்தை எழுத முடியவில்லை, அல்லது எழுத மனமில்லை.

‘கமலா’ 1894இல் நூலாக வந்தது. அதே ஆண்டில், 32 வயதில், கிருபாபாய் இறந்தார். ‘சகுணா’ மறு ஆண்டு நூலாயிற்று. 1896இல் இரண்டும் தமிழுக்கு வந்தன. சாமுவேல் பிறகு இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். பின்னாளில் ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற பெண்கள் இதழைத் தொடங்கி நடத்தியவர் அந்த இரண்டாம் மனைவி. அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் பெயரும் கமலாதான்.