தலைகீழாகக் கேட்ட கேள்வி

பையன் தடம் மாறினால் முதல் பழி நண்பர்கள் தலையில்தான். ‘சேர்க்கை சரியில்லை’ என்று முடித்துவிடுவோம். அமெரிக்கச் சமூகவியலும் ஏறக்குறைய இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது: குற்றம் நெருங்கிய சகவாசத்தில் கற்றுக்கொள்வது என்றார் எட்வின் சதர்லாண்ட். எட்டாத ஆசையைக் காரணம் காட்டியவர்களும் உண்டு.

பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்த டிராவிஸ் ஹிர்ஷி கேள்வியையே புரட்டிப்போட்டார். சிலர் ஏன் திருடுகிறார்கள் என்பது இருக்கட்டும், மற்றவர்கள் ஏன் திருடுவதில்லை?

விடை தேட அவருக்குக் கிடைத்தது, 1960-களின் நடுவில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் பகுதியில் ஆலன் வில்சன் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு. 4,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் வினாத்தாள் நிரப்பியிருந்தார்கள். திருடியதுண்டா, அடுத்தவர் காரைக் கேட்காமல் ஓட்டிப்போனதுண்டா, யாரையாவது அடித்ததுண்டா என்று நேரடியாகவே கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்களா என்ற சந்தேகம் நியாயம்தான். போலீஸ் பதிவேடுகளையும் சேர்த்தே பார்த்தார்கள்.

வினாத்தாளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. வெளியே போனால் எங்கே இருக்கிறாய் என்று அம்மாவுக்குத் தெரியுமா? தெரியும் என்ற பையன்கள் குறைவாகவே தப்பு செய்திருந்தார்கள். அம்மா பின்னாலேயே போய்க் காவல் காக்கவில்லை. கை நீளும் நேரத்தில் அவள் நினைப்பு வருகிறதா என்பதுதான் விஷயம் என்றார் ஹிர்ஷி. அப்பாவிடம் மனம்விட்டுப் பேசுகிறவர்களிடமும் இதே போக்கு. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதற்கோ பெரிய செல்வாக்கு இல்லை.

1969-ல் ஹிர்ஷியின் புத்தகம் வந்தது. பாசம், எதிர்காலத்தில் போட்டுவைத்த முதல், நல்ல வேலைகளில் ஈடுபாடு, விதிகள் மீது மதிப்பு என நான்கு இழைகளால் சமூகம் பிள்ளையைப் பிடித்துவைக்கிறது, அவை தளர்ந்தால் தவறு எளிதாகிறது என்றது அதில் அவர் முன்வைத்த சமூகப் பிணைப்புக் கோட்பாடு. ஆனால் அலசலிலிருந்து பெண்பிள்ளைகளை அவர் ஒதுக்கிவிட்டார். அது சின்னக் குறையல்ல.

நண்பர்கள் விஷயத்தில் கோட்பாடு சறுக்கியது. தப்பு செய்யும் நண்பர்களின் செல்வாக்கைக் குறைத்து மதிப்பிட்டதையும், பொழுதை நல்ல வேலைகளால் நிரப்பினால் போதும் என்று மிகையாக நம்பியதையும் அதே புத்தகத்தின் முடிவுரையில் ஹிர்ஷியே ஒப்புக்கொண்டிருக்கிறார்.