அவையின் செவி

திருக்குறளில் 'கேள்வி' ஓர் அதிகாரம். 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என்பன வேறு இரண்டு. கற்பவனுக்குச் செவியும் சொல்பவனுக்கு அவையும் இன்றியமையாதவை எனத் தமிழ் மரபு கருதியமைக்கு இவை சான்று. ஆயின், ஒருவர் கவனிப்பது வேறு. ஒரு சமுதாயம் கவனிப்பது வேறு. சமுதாயத்தின் கவனம் தனிமனிதக் கவனங்களின் கூட்டுத்தொகை அன்று. திண்ணைப்பள்ளி, மடம், அரங்கேற்றம், புரவலர் அவை முதலிய அமைப்புகள் எவற்றை முன்னிறுத்தினவோ அவையே கேட்கப்பட்டன. ஏனையவை பகையாலன்றி, பெரும்பாலும் பழக்கத்தாலேயே மறக்கப்பட்டன.

ஓலைச்சுவடிக் காலத்தில் இம்மறதி நூலின் உயிரையே வாங்கவல்லது. செல்லும் ஈரமும் ஓலையை அழிக்கும். படிப்பார் உளரேல் படியெடுப்பாரும் உளராவர். இன்றேல் நூல் மாயும். ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடல்களாகவே நமக்கு எஞ்சியுள்ளன.

1880இல் கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு இவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரும் அரசினர் கல்லூரித் தமிழாசிரியருமான உ. வே. சாமிநாதையர், அங்கு முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். ஐயர் தாம் பயின்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணங்களை அடுக்கினார். முதலியாரோ, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என வினவினார். அக்காலப் புலமை உலகம் எதனைப் படித்தது, எதனைப் படிக்கவில்லை என்பதை அவ்வினா ஒருங்கே காட்டிவிட்டது. வினவியவர் புலவர் மரபினர் அல்லர், நீதித்துறை அலுவலர் என்பதும் நோக்கத்தக்கது.

எனினும் சிந்தாமணியைத் தமிழகம் முழுதும் மறந்திருந்தது என்பது பொருந்தாது. அதே கும்பகோணத்தில் சமணக் குடும்பத்தார் அந்நூலைச் சமய நூலாகப் போற்றி, முறையாகப் படித்து நிறைவு செய்து வந்தனர். அவர்களிடம் கேட்டே ஐயர் சமணக் கருத்துகளைத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி முழுநூலாக அச்சேறியது. மணிமேகலைக்கு இவ்வாய்ப்பில்லை, பௌத்த மரபில் நின்று அதனைப் படிப்போர் இங்கு இலராயினர். ஆங்கில நூல்களின் துணையால் ரங்காசாரியார் அச்சமயக் கொள்கைகளை விளக்க, 1898இல் அந்நூல் வெளிவந்தது. படிப்பார் குழு ஒன்று இருந்தமைக்கும் இல்லாமைக்கும் இடையேயுள்ள தொலைவை இவ்விரு பதிப்புகளும் உணர்த்துகின்றன.

எனவே சமுதாயக் கவனம் இருவகைப்படும் எனலாம். ஒன்று காக்கும் கவனம். மற்றொன்று வினவும் கவனம். முன்னது மட்டும் இருப்பின் நூல் ஒரு வட்டத்துள்ளேயே அடங்கிவிடும். பின்னது மட்டும் இருப்பின் வினவும்போது விடை சொல்ல ஆளிராது. சமணர் காத்தனர், முதலியார் வினவினார், ஐயர் இரண்டையும் இணைத்தார்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில், கூட்டத்திற்கு வருவோர் சிலரே என வருந்துவார் உளர். கும்பகோணத்துச் சமணரும் சிலரே. எண்ணிக்கையைவிட நாம் அஞ்சவேண்டியது, விரும்பியவற்றையே மீண்டும் மீண்டும் கேட்கும் பழக்கத்தை. நாம் இதுவரை படிக்காத நூல் எது, நம் மேடையேறாத கவிஞர் யாவர் என ஆண்டுக்கு ஒருமுறையேனும் வினவிக்கொள்வோமாயின், இவ்வவையின் செவி திறந்திருக்கும்.