சிங்கியின் சிலம்பும் தாசியின் மானியமும்

குற்றாலக் குறவஞ்சி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது மலையும் அருவியும் குரங்குகளும்தான். அந்த நூலின் பிற்பகுதியில் வரும் சண்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். குறி சொல்லப் போன சிங்கி பல நாள் கழித்து உடம்பெல்லாம் நகையோடு புருஷன் சிங்கன் முன்னால் நிற்கிறாள். சொல்லாமல் எங்கே போனாய், காலில் கிடப்பது என்ன, இது யார் கொடுத்தது என்று அவன் ஒவ்வொன்றாகத் துருவுகிறான். அவளும் சளைக்காமல் கணக்கு சொல்கிறாள். சிலம்பு சேலத்தில் குறி சொல்லி வாங்கியது, தண்டை கோலத்து நாட்டில் கிடைத்தது, பாடகம் பாண்டியன் மகள் போட்டது!

எழுதியவர் தென்காசி பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர். காலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சிரிப்புக்காக எழுதிய இடம்தான். ஆனால் ஊர் ஊராய்ப் போய்ச் சம்பாதிக்கும் பெண்ணின் வருமானத்தை வீடும் ஊரும் எப்படிப் பார்த்தன என்பது அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காலத்தில் குறவஞ்சி நாடகங்களைக் கோவில்களில் ஆடியவர்கள் பெரும்பாலும் தேவதாசிகள். சந்தேகப்படும் புருஷனுக்குப் பதில் சொல்லும் வேஷத்தைக் கட்டியவர்கள், மனிதப் புருஷனே இல்லாத பெண்கள்!

அவர்களை 'விலைமாதர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது சரியல்ல. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டைப் பாருங்கள். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜ சோழன் பல கோவில்களிலிருந்து 400 பெண்களை அங்கே கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு வீடும் வருஷத்துக்கு 100 கலம் நெல்லும் ஒதுக்கினான். அவர்கள் இறந்தாலோ வேறிடம் போனாலோ, தகுதியுள்ள நெருங்கிய உறவினருக்கு அந்தப் பங்கு போகும். வணிகவியல் மொழியில் சொன்னால் வேலை, சம்பளம், குடியிருப்பு, வாரிசு நியமனம் எல்லாம் அடங்கிய ஏற்பாடு. பிற்காலத் தாசிகளுக்குச் சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போனது. பெண் குழந்தையைத் தத்தெடுக்கவும் அவர்களால் முடிந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் பலருக்கு இதெல்லாம் கனவு.

அதற்காக அதைப் பொற்காலம் என்று எழுதிவிடவும் முடியாது. பொட்டுக் கட்டப்பட்டவள் பல நேரம் விவரம் தெரியாத சிறுமி. அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. கோவில் வருமானம் சுருங்கச் சுருங்க, பணக்காரப் புரவலரின் தயவில்தான் பிழைப்பு ஓடியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் வந்தது. சிறுமிகளை விபசாரத்துக்கு ஒப்படைப்பதைத் தண்டிக்கும் அதன் 372, 373 பிரிவுகள் பொட்டுக்கட்டு வழக்குகளிலும் பாய்ந்தன. நீதிமன்றக் கண்ணில் நடனமும் கோவில் ஊழியமும் பின்னுக்குப் போய், விபசாரம் மட்டுமே முன்னால் நின்றது.

பிறகு வந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயார் சந்திரம்மாளே தேவதாசி மரபில் வந்தவர். 1927-இல் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர், பொட்டுக்கட்டுக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்றவர்கள் எதிர்த்தார்கள். எங்களை விலைமாதர் என்று சொல்லாதீர்கள் என்று தேவதாசிகளில் ஒரு பகுதியினரும் மனு கொடுத்தார்கள். அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ ஒழிப்புக்காக மேடை மேடையாகப் பேசினார். 1936-இல் நாவலே எழுதினார்.

பலரும் பேசாத விஷயம் நிலம். மானியம் ஊழியத்தோடு கட்டப்பட்டிருந்ததால், ஆட்டத்தை நிறுத்தினால் நிலம் கையை விட்டுப் போய்விடும். அப்புறம் யார் விலகுவார்கள்? 1929-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றானது. மேடைப் பேச்சுகளை எல்லாம்விட உருப்படியான வேலை அது. பொட்டுக்கட்டுக்கு முழுத்தடை 1947-இல்தான் வந்தது.

அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1944-இல், ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றியது. சிங்கி மறுபடி வந்து சிலம்புக்குக் கணக்கு சொன்னாள். இந்த முறை ஆட்டம் கோவிலுக்குள் இல்லை, ஆடியவர்களுக்குப் பொட்டும் கட்டியிருக்கவில்லை.